ஏலக்காய் உட்கார்ந்த கார்

பெரியப்பா மூணாறில் ஒரு எஸ்டேட் பங்களாவில் டிரைவர். மாதம் ஒரு தடவை போடி மெட்டு வழியாக இறங்கி வருவார். சட்டையில் பெட்ரோல் வாடை, பையில் தேயிலைத் தூள் வாசம். அவர் தெருமுனை திரும்பும்போதே திண்ணையில் இருக்கிற எங்களுக்குத் தெரிந்துவிடும். 1976-ஆம் வருஷம் பங்குனியில் வந்தவர், பையின் அடியில் கையை விட்டு, மலையாளப் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தொரை வீட்டுப் பய வெளையாண்டது. அவுக ஊருக்கே கெளம்பிட்டாக. ஒன் மகனுக்குக் குடுன்னு அந்தம்மா குடுத்துச்சு. எனக்கேது மகன்? நீதான். இந்தா, பத்திரமா வச்சுக்க."

அந்த வருஷம்தான் ஃபின்லே கம்பெனியின் மலைத் தோட்டங்கள் டாட்டா-ஃபின்லே கைக்கு வந்தன. மிச்சமிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தன. கட்ட முடியாதவற்றை பங்களாவில் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பிரம்பு நாற்காலி, பீங்கான் தட்டு, இரும்புக் கட்டில் என்று போடியில் பல வீடுகளில் அந்தச் சாமான்கள் இன்றும் கிடக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு கார்.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. அதுவரை என் வண்டிகள் இரண்டே வகை. கோடையில் நுங்கு வண்டி. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் வாங்குகிற தகரக் கார். கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாளும் முல்லையாற்றங்கரை முழுக்கக் கடைதான். அங்கே வாங்குகிற தகரக் காரின் விளிம்பு கையைக் கீறும், ஆடி மாதத்துக்குள் சக்கரம் கழன்றுவிடும். பெரியப்பா கொடுத்ததைப் பிரித்துக் கையில் வாங்கியதும் கை ஒரு இணுக்குத் தாழ்ந்தது. நாலு அங்குலம்கூட இல்லாத கார், எடைக்கல் மாதிரிக் கனம். தொட்டால் குளிர்ச்சி. உடம்பெல்லாம் தங்க நிறம்.

அதற்குள் இருந்த வேலைப்பாடுகளை நானாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பக்கவாட்டில் அடி விளிம்பில் ஒரு பொத்தான். அமுக்கினால் முன்னாலிருந்து இரண்டு துப்பாக்கிக் குழல்கள் நீளும். பின்னால் சைலன்சரை உள்ளே தள்ளினால் டிக்கிக்கு மேல் ஒரு கேடயம் எழுந்து நிற்கும். இன்னொரு பொத்தானை அமுக்கினால் கூரையில் ஒரு மூடி படக்கென்று திறக்கும், டிரைவருக்குப் பக்கத்து இருக்கை மேலே துள்ளும். டிரைவர் சின்னப் பொம்மையாக உள்ளே உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. அங்கே ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும் என்பது அந்த இருக்கையைப் பார்த்தாலே தெரிந்தது. மூணாறிலேயே அந்த ஆள் பறந்து எங்கோ புல்லில் விழுந்திருப்பான்.

காலி இருக்கையை எத்தனை முறை துள்ளவிட்டாலும் திருப்தி இல்லை. புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன், உருண்டு உள்ளே போய்விடும் போலிருந்தது. சோளம் சின்னது. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் இருந்த ஏலக்காய்தான் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. பொத்தானை அமுக்கினால் ஏலக்காய் கூரையைத் திறந்துகொண்டு முழ உயரம் பறக்கும். எங்கள் ஊர் ஏலக்காய் ஊர். மலையில் விளைவது போடிக்கு இறங்கித்தான் ஏலம் போகும். அதனாலேயே வீட்டில் ஒரு ஏலக்காய்கூட வீணாகக் கூடாது. "அரைப் படி அரிசி வாங்கலாம்டா அந்தக் காசுக்கு" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அடி வாங்கிக்கொண்டு, பறந்ததைத் தேடி எடுத்து, தோல் கிழியும் வரை அதையே மறுபடி ஏற்றி உட்காரவைப்பேன்.

காரைத் திருப்பினால் அடித்தகட்டில் ஆங்கில எழுத்துகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பத்தாவது படித்தாள். அவளிடம் காட்டினேன். "கார்கி டாய்ஸ்" என்றாள். அடுத்து "ஜேம்ஸ் பாண்ட்" என்று படித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜேம்ஸ்பாண்ட் யாரென்று எனக்கா தெரியாது? ஜெய்சங்கர்!

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று சுவரொட்டியிலேயே போடுவார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' 1966-இல் வந்தது, 'சி.ஐ.டி. சங்கர்' 1970-இல். எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அவை பழைய பிரிண்டாகப் பல வருஷம் கழித்து வந்து வந்து போகும். ஜெய்சங்கரின் கார் என் கையில் இருக்கிறது, ஆனால் இந்தத் தங்கக் காரை எந்தப் படத்தில் ஓட்டினார் என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இப்படித்தான் மூன்று நாலு வருஷம் போனது. ஜெய்சங்கர் படம் என்று மாட்டு வண்டியில் தட்டி கட்டி மைக்கில் சொல்லிக்கொண்டு போனால் அன்றைக்குத் தரை டிக்கெட்டில் நான் இருப்பேன். டவுசர்ப் பையில் கார் இருக்கும். கனத்தில் பை கிழிந்து அம்மா இரண்டு தடவை ஒட்டுப் போட்டாள். திரையில் கார் வந்தால் உடனே என் காரை வெளியே எடுத்து, புரொஜக்டர் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், தலை மறைக்குது என்று அதட்டுவார்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். திரையில் ஓடுவது தங்க நிறமா வேறு நிறமா என்று எப்படித் தெரியும்? அம்பாசிடர் வரும், ஃபியட் வரும், ஹெரால்டு வரும். என் காரின் மூக்கு நீளம், பின்புறச் சரிவு எதிலும் இல்லை. அடுத்த படத்தில் வரும் என்று வீட்டுக்கு நடப்பேன்.

உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1986-இல், கம்பத்தில் நண்பன் வீட்டில் டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். முதல் இரண்டும் முடிந்து வீட்டுப் பெரியவர்கள் தூங்கப் போன பிறகு மூன்றாவது கேசட் போட்டார்கள். 'கோல்ட்ஃபிங்கர்'. ஜேம்ஸ்பாண்ட் என்பவர் வெள்ளைக்காரக் கதாபாத்திரம் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது, ஆனால் அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. பாதித் தூக்கத்தில் இருந்தேன். படத்தில் ஆயுதங்கள் செய்கிற கூடத்தில் ஒரு வயதான அதிகாரி பாண்டுக்கு ஒரு காரைக் காட்டி விளக்குகிறார். குண்டு துளைக்காத கேடயம், முன்னால் துப்பாக்கி, ஆளைத் தூக்கி எறிகிற இருக்கை. நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் என் விரலுக்குத் தெரிந்த வேலை. ஆங்கிலம் புரியாதவர்களுக்கெல்லாம் அந்த அதிகாரி சொல்வதற்கு முன்பே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கார் வெள்ளி நிறம்.

படம் முழுக்கக் காத்திருந்தேன், எங்காவது தங்க நிறத்துக்கு மாறுமா என்று. மாறவில்லை. அந்தப் படத்தில் தங்கத்தால் ஆன கார் ஒன்று உண்டு. அது வில்லனுடைய ரோல்ஸ் ராய்ஸ். தங்கத்தைக் காரின் உடம்பாகவே வார்த்துக் கடத்துகிறான். பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 தொடக்கம் முதல் கடைசி வரை வெள்ளிதான். பத்து வருஷம் நான் நெஞ்சோடு வைத்திருந்தது தப்பான கார் என்று அந்த அதிகாலையில் தோன்றியது. அவமானமாக இருந்தது. யாருக்கும் தெரியாத அவமானம் என்றாலும் அவமானம்தான்.

அதற்கு நான் செய்த காரியத்தை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். அடுத்த வாரமே போடியில் ஜீப்புகளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். பெயின்டர் அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானப்பா இருக்கு? இந்தப் பெயின்டு நம்ம ஊருல கெடைக்காது" என்றார். நான் கேட்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தங்கம் பொடிப்பொடியாகப் பழைய பேப்பரில் விழுந்தது. ஏதோ பெட்ரோல் டேங்குக்குக் கலக்கி மிஞ்சியிருந்த சில்வர் பெயின்டை இரண்டு கை அடித்தார். சாயந்தரம் தின்னர் வாடையோடு வாங்கிக்கொண்டு வந்தேன். வெள்ளிக் கார். படத்தில் வந்த அதே கார். பொத்தானை அமுக்கினேன். கூரை மூடி திறக்கவில்லை, பெயின்ட் இடுக்கில் இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் கீறித் திறந்தேன். அன்றிலிருந்து அது பாதிதான் திறக்கிறது. அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை. வேண்டாம் என்றவரை வற்புறுத்தியவன் நான்.

படிப்பு முடிந்து ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். 1989 ஜூன் 16-ஆம் தேதி 'கரகாட்டக்காரன்' வந்தது. அதைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவன் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எடுத்தவர் கங்கை அமரன், பாட்டு இளையராஜா. இருவரும் பண்ணைப்புரத்துக்காரர்கள். தேவாரம், கோம்பைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் இறங்கிவிடுகிற ஊர். மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். வாழைப்பழக் காமெடியைச் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கோ அந்தப் படத்தில் கார்தான் கதாநாயகன்.

சொப்பன சுந்தரி வைத்திருந்த கார் என்று சொன்னால் தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்கம் வேண்டாம். அகலமான பழைய வெளிநாட்டுக் கார். கரகாட்டக் குழுவே அதில் ஏறிக்கொள்கிறது, ஆனால் அது ஓடாது. கவுண்டமணியும் செந்திலும் குழுவோடு சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் காரைப் பற்றிச் செந்தில் கேட்கிற கேள்விக்கும் அதற்குக் கவுண்டமணி கொதிப்பதற்கும் கொட்டகையே குலுங்கும். அந்த வருஷத்திலிருந்து எங்கள் பக்கம் நின்றுபோகிற எந்த வண்டிக்கும் சொப்பன சுந்தரி என்றே பெயர். விடியக் காலையில் கம்பம் மெட்டு ஏறுகிற ஏலத் தோட்டத்து ஜீப்புகள் வளைவில் மூச்சுத் திணறி நிற்கும். உள்ளே இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் இறங்கித் தள்ளும்போது சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லி வைவார்கள். மலைக்குக் கூலிக்குப் போகிற அலுப்பில் அவர்களுக்கு அந்தப் படம் கொடுத்த சிரிப்பு பெரிய விஷயம்.

படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. உலகத்தில் எல்லாப் பொம்மைக் காரும் தள்ளினால்தான் போகும். பாண்டின் கார் திரையில் சீறிப் பாய்ந்தாலும் என் திண்ணையில் என் கை தள்ளித்தான் ஓடியது. திரையிலேயே கையால் தள்ளப்பட்ட கார் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைப் பொம்மையாக யாராவது செய்திருப்பார்கள் என்று அடுத்த வீரபாண்டித் திருவிழாவில் கடை கடையாகத் தேடினேன். போட்டோ ஸ்டுடியோக் கொட்டகைகளில் ஒட்டுப்பலகையில் வரைந்த கார்கள் நின்றன, பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் அம்பாசிடர் இருந்தது. சொப்பன சுந்தரியின் கார் எங்கும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கான காரணத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். உலோகப் பொம்மைக் கார் செய்வது துத்தநாகத்தில். அதோடு நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மெக்னீசியம் சேர்ப்பார்கள். நானூறு டிகிரிக்குச் சூடாக்கினால் உருகிவிடும். உருகியதை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள், நொடிகளில் உறைந்து காராக வெளியே வரும். வார்ப்பது எளிது. அச்சுதான் உயிரை வாங்கும். கதவின் கோடு, கைப்பிடி, விளக்கின் வளையம் எல்லாவற்றையும் எஃகில் உள்பக்கமாகக் கடைந்தெடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் விற்றால்தான் அச்சுக் கூலி கட்டும். தமிழ்ப் படத்துக்கு அந்தச் செலவு செய்ய யார் முன்வருவார்கள்? ரசிகர்கள் இல்லாமலா? கொட்டகை கொள்ளாத ரசிகர்கள் இருந்தார்கள். பிள்ளை கையில் ஒரு நல்ல பொம்மையைக் கொடுக்கக் காசு இருந்தவர்கள்தான் குறைவு. இந்த இல்லாமை எனக்கு இன்றும் வலிக்கிறது. எம்.ஜி.ஆர். முதல் ரஜினி வரை எத்தனை வண்டிகளை நாம் திரையில் கொண்டாடியிருக்கிறோம்! 'காலா' படத்தில் ரஜினி உட்கார்ந்திருந்த தார் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் தன் அருங்காட்சியகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. அது நல்ல காரியம். அந்த மரியாதை நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்கும் இறங்கி வரவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கடைசியில் போடியில் லாந்தர், புனல், அரிக்கஞ்சட்டி செய்கிற ஒரு தகரப் பட்டறைத் தாத்தாவிடம் போனேன். அவரும் படம் பார்த்திருந்தார். ரெண்டு டால்டா டின்னை வெட்டி, தட்டி, பத்து நாளில் செய்து கொடுத்தார். சக்கரத்துக்குச் சோடா மூடி. அவர் கேட்ட கேள்வியை மறக்கவே முடியாது. "தம்பி, சக்கரம் ஓடணுமா, மக்கர் பண்ணணுமா?" இரண்டும் வேண்டும் என்றேன். யோசித்து, பின் அச்சைக் கொஞ்சம் கோணலாக வைத்தார். தள்ளினால் போகும், பத்தடியில் ஒருக்களித்து நிற்கும். மறுபடி தள்ள வேண்டும். காரின் உள்பக்கம் இன்னும் டால்டா டின்னின் பச்சைப் பனைமரம் தெரிகிறது. என்னிடம் இருப்பவற்றில் யாருக்கும் விலை சொல்லத் தெரியாத கார் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் நான் சேகரிப்பவன் ஆனேன். கடை வேலையாக மதுரைக்கும் சென்னைக்கும் போகும்போதெல்லாம் காயலான் கடைகளில் குனிந்து தேடுவேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோயிருந்தது. அங்கே எப்படியெல்லாம் கிடைத்தது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டு ஏங்கியிருக்கிறேன். மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் சைக்கிள் பெல் குவியலுக்கு அடியில் 'நிக்கி டாய்ஸ்' ஹெரால்டு ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் டிங்கி டாய்ஸ் பயன்படுத்தி முடித்த அச்சுகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, டிங்கி என்ற எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு நிக்கி என்று பொறித்து வார்த்த கார்கள் அவை. ட்ரையம்ப் வைடெஸ் காரின் அச்சுக்கு இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெயர் வைத்தார்கள். உண்மையான ஹெரால்டு சென்னையில் செய்யப்பட்ட கார், அதற்கு முன்னால் இரண்டு விளக்கு. பொம்மைக்கு நாலு. வார்ப்பு கரடுமுரடு, பெயின்ட் திட்டுத்திட்டு. இருந்தாலும் டூரிங் கொட்டகைத் திரையில் நான் பார்த்த கார்களில் ஒன்று உலோகத்தில் என் கைக்கு வந்த முதல் தடவை அது. கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுத்தார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 1966-இல் கார்கி செய்த பேட்மொபைல் கிடைத்தது. கறுப்பு உடம்பு, வௌவால் இறக்கை. பின்னாலிருந்து ஏவுகிற குட்டி ராக்கெட்டுகள் ஒன்றுகூட மிச்சமில்லை. முன்னால் சங்கிலி அறுக்கிற தகடு மட்டும் இன்னும் நீள்கிறது. தரையில் உருட்டினால் பின்னால் சிவப்புத் தீ நாக்கு உள்ளே வெளியே போய் வரும். அந்தத் தீ நாக்குக்காக எத்தனை தடவை உருட்டியிருப்பேன்! அதை விற்றவர் பட்டுப்போன விளையாட்டுச் சாமான் என்று கழித்துக் கொடுத்தார். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தேனி பஸ்ஸில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தேன்.

இப்படிச் சேர்ந்தவை எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. அடியில் இலவம்பஞ்சு. போடியில் அதற்குப் பஞ்சமில்லை. ஸ்பாஞ்சு வைக்கக் கூடாது. வருஷம் போகப் போக அது பிசுபிசுத்துப் பெயின்ட்டைத் தின்றுவிடும். பழைய துத்தநாகக் கார்களுக்கு உள்ளேயே ஒரு நோயும் உண்டு. வார்க்கும்போது காரீயம் துளி கலந்துவிட்டால், பல வருஷம் கழித்து உலோகம் உள்ளுக்குள் வெடித்து, வீங்கி, பிஸ்கட் மாதிரி உதிரும். உலகப்போருக்கு முந்தைய டிங்கி ஒன்றைச் சென்னையில் ஒருவர் எனக்குக் காட்டினார். தொடாதீர்கள் என்றார். தொட்டால் சக்கரத்தைச் சுற்றியிருந்த பகுதி பொடியாகிவிடும் நிலை. அதைப் பார்த்த பிறகு மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை என் பெட்டியைத் திறந்து வைக்கிறேன்.

தங்கக் காரின் உண்மையை எனக்குச் சொன்னவரும் அவர்தான். என் கதையைக் கேட்டார். வெள்ளிப் பெயின்ட் அடித்த காரைக் கையில் வாங்கினார். கூரை மூடியின் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து தங்கம் எட்டிப் பார்த்த இடத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார். படம் வந்தது 1964 செப்டம்பரில். பொம்மை கடைக்கு வந்தது 1965 அக்டோபரில். கார்கிக் கார்களைச் செய்த மெட்டாய் கம்பெனி, ஜெர்மனியில் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர்கள் இங்கிலாந்தில் தொடங்கியது. தொழிற்சாலை வேல்ஸில் ஸ்வான்சீயில். வேல்ஸின் நாயினத்தின் பெயர்தான் கார்கி. வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பார்த்தபோது, பெயின்டே அடிக்காத வெறும் வார்ப்பு மாதிரி இருந்திருக்கிறது. பிள்ளைகள் முடிக்காத பொம்மை என்று நினைத்துவிடுவார்கள் என்று தங்க நிறத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டின் சிறந்த பொம்மை என்ற விருது அதற்குத்தான் கிடைத்தது. மூன்று வருஷத்துக்குள் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. 1968-இல்தான் வெள்ளி நிறத்தில் புதிதாக ஒன்று செய்தார்கள். முதல் கார், 261-ஆம் எண், தங்கம். "உங்ககிட்ட இருந்ததுதான் அசல்" என்றார்.

நான் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. எழும்பூரில் ரயிலேறி, மதுரையில் இறங்கி, பஸ் மாறி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போதுதான் அழுகை வந்தது. பெரியப்பா அப்போது இல்லை. பத்திரமாக வச்சுக்க என்று கொடுத்த மனுஷன், அது வெள்ளியானதைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் போய்ச் சேர்ந்திருந்தார்.

சில வருஷம் முன்பு பெங்களூரில் பழைய பொம்மைக் கார்களைச் சீர்செய்கிற ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுக் காரை எடுத்துப் போனேன். சுத்தமான கைகாரர். அவர் மேசையில் ஒரு லோட்டஸ் எஸ்பிரிட் பிரித்துக் கிடந்தது, 1977-இல் வந்த பாண்ட் படத்தில் கடலுக்குள் போகிற வெள்ளைக் கார். என் காரை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, முழுப் பெயின்ட்டையும் கரைத்தெடுத்து அதே பழைய தங்க நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்றார். கூரை மூடியும் முழுசாகத் திறக்கும். காலி இருக்கைக்கு ஆள் பொம்மை புதிதாக வார்த்தது கிடைக்கிறது. அடித்தகட்டை மட்டும் கழற்ற வேண்டும், அதற்கு ரிவெட்டுகளைத் துளைக்க வேண்டும். பிறகு திருகாணி போட்டு மூடிக்கொள்ளலாம்.

சரி என்றுதான் போயிருந்தேன். அவர் காரைக் கையில் எடுத்துக் காதருகே லேசாக ஆட்டினார். "உள்ளே ஏதோ உடைஞ்சு கிடக்கு, ஸ்பிரிங்கா இருக்கலாம். பிரிக்கும்போது எடுத்துடலாம்" என்றார்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. ஒரே துண்டின் சத்தம் இல்லை அது. மெல்லிசாக, நாலைந்து மணிகள் உருளுகிற மாதிரி. ஸ்பிரிங் உடைந்திருந்தால் இருக்கை துள்ளாது, துள்ளிக்கொண்டுதானே இருக்கிறது. தோல் கிழியும் வரை ஏலக்காயை ஏற்றி ஏற்றிப் பறக்கவிட்ட திண்ணை ஞாபகத்துக்கு வந்தது. தோல் வெடித்தால் கறுப்பு விதைகள் இருக்கைக்கு அடியில்தான் விழும். கையை நீட்டிக் காரை வாங்கிக்கொண்டேன். பிறகு வருகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் வாடியது, மன்னிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ரிவெட் அப்படியே இருக்கிறது. வெள்ளிப் பெயின்ட் வருஷத்துக்கு வருஷம் உதிர்ந்துகொண்டு வருகிறது. கூரை மூடியைச் சுற்றியும், என் கட்டைவிரல் எப்போதும் பிடித்துத் தள்ளுகிற பின்பக்கத்திலும் தங்கம் தெரிகிறது. போடியில் ஏலம் முடிந்து கடைக்கு வருகிற புதுக் காய்களில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவேன். மூடி பாதிதான் திறக்கும் என்பதால் இப்போது காய் பறப்பதில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.